வரிசைக்கு வெளியே காத்திருத்தல்



இந்த இதழில் நமது குழந்தைகள் பிரிவைப் பற்றி எழுதித் தரும்படி ஆசிரியர் கேட்டிருந்தார். நான் எழுதப்போவதோ அமெரிக்காவிலுள்ள ஒரு கேளிக்கைப் பூங்காவைப் பற்றி. ஆஸ்பத்திரிப் போதகருக்கு ராட்டினத்தோடு என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். பொறுமையாக வாசியுங்கள், கடைசியில் நமது ஓ.பி. வராந்தாவுக்கு வந்து சேர்ந்துவிடுவேன்.

2025 பிப்ரவரியில் விடுப்பு எடுத்துக்கொண்டு, புளோரிடா மாநிலத்தில் வசிக்கும் என் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவளுக்கு வயது 12, இளையவனுக்கு 9. பேரனுக்கு ஆட்டிசம் உண்டு. எங்கள் குடும்பத்தில் இதை நாங்கள் மறைத்ததில்லை என்றாலும், மகளும் மருமகனும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். ஆட்டிசத்தைத் தமிழில் 'மதியிறுக்கம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. என் பேரனின் மதி இறுகிப்போகவில்லை. கதவுகள் எல்லாம் திறந்தே கிடக்கின்றன என்பதுதான் அவன் கஷ்டம். மின்விசிறியின் முனகல், பக்கத்து வீட்டு நாயின் குரைப்பு, சட்டைக் காலரின் உரசல் என்று நம் காதும் தோலும் தாமாகவே தள்ளிவிடுகிற யாவும் அவனுக்குள் ஒரே நேரத்தில் நுழைந்துவிடுகின்றன. கூட்டத்தில் அவன் படும் பாட்டைச் சத்தமான கலியாணப் பந்தலில் ஜுரத்தோடு உட்கார்ந்திருப்பவருடைய நிலைக்கு ஒப்பிடலாம்.

இன்னொன்றும் உண்டு. 'கொஞ்ச நேரம் பொறு' என்றால் அந்தக் கொஞ்சம் எங்கே முடியும் என்று அவனுக்குப் புலப்படாது. முடிவு தெரியாத காத்திருப்பு நமக்கு அலுப்பு. அவனுக்கு அது பயம்.

இப்படிப்பட்ட பிள்ளையை ஏன் அங்கே கொண்டுபோகவேண்டும் என்று நானும் கேட்டேன். மகள் பதில் சொல்லவில்லை. பேத்திதான், அம்மா அடுப்படிக்குப் போன சமயம் பார்த்து, "தாத்தா, நாங்க எங்க போனாலும் பாதியில திரும்பி வந்துடுவோம். இந்தத் தடவை ராத்திரி வரைக்கும் இருப்போம்னு அப்பா சொல்லியிருக்காங்க" என்றாள். வார்டில் நாற்பது வருஷமாகப் பார்க்கிறேன்: வியாதிப்பட்ட பிள்ளையின் கட்டிலருகே ஒரு ஸ்டூலில் அதன் அக்காவோ அண்ணனோ உட்கார்ந்திருக்கும். டாக்டர் அதைப் பார்த்துப் பேசமாட்டார். போதகரும் பெரும்பாலும் கட்டிலில் இருப்பதன் தலைமேல்தான் கைவைத்து ஜெபிப்பார். எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஆர்லாண்டோ நகருக்குப் பக்கத்திலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்ட் 1971 அக்டோபர் 1ஆம் தேதி திறக்கப்பட்டது. இப்போது அதற்குள் நான்கு பெரிய பூங்காக்கள் உள்ளன. முதலில் திறக்கப்பட்டது மேஜிக் கிங்டம். நாங்கள் போனதும் அதற்குத்தான். அங்கே ஒரு விளையாட்டில் மூன்று நிமிஷம் ஏறி இறங்க ஒரு மணி நேரம் வரிசையில் நிற்பது சாதாரணம். அந்த வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கென்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. பெயர் 'டிஸபிலிட்டி அக்ஸஸ் சர்வீஸ்'. எல்லாரும் சுருக்கமாக 'டாஸ்' என்கிறார்கள்.

இதன் வரலாறு கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் மனுஷ சுபாவம் முழுவதும் அதில் தெரிகிறது. அமெரிக்காவில் 1990 ஜூலை 26ஆம் தேதி ஜனாதிபதி புஷ் (மூத்தவர்) கையெழுத்திட்ட சட்டத்தின்படி, பொதுமக்கள் வந்துபோகும் இடங்களில் ஊனமுற்றோருக்கு நியாயமான வசதி செய்துதர வேண்டும். டிஸ்னி பூங்காக்களில் 2013 வரை ஒரு உதவி அட்டை இருந்தது. கேட்டவரின் வார்த்தையை நம்பிக் கொடுத்தார்கள். அதைக் காட்டினால் பெரும்பாலும் மாற்று வாசல் வழியாகச் சீக்கிரமாகவே உள்ளே போய்விடலாம். அந்த 2013ஆம் ஆண்டு மே மாதத்தில் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் ஒரு செய்தி வந்தது. மன்ஹாட்டனின் பணக்காரத் தாய்மார் சிலர், தங்கள் பிள்ளைகள் வரிசையில் நிற்காமலிருக்கும்படி, ஊனமுற்ற ஒருவரை மணிக்கு 130 டாலர் வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, 'இவரும் எங்கள் குடும்பத்தார்' என்று கூட்டிப்போனார்களாம்! அந்த வருஷமே அக்டோபர் 9ஆம் தேதி பழைய அட்டை நின்றது, 'டாஸ்' வந்தது.

புதிய ஏற்பாட்டின் சாரம் இது: வரிசையைத் தாண்டிப் போகமுடியாது, வரிசைக்கு வெளியே காத்திருக்கலாம். ஒரு விளையாட்டுக்கு அந்நேரம் 50 நிமிஷக் காத்திருப்பு இருந்தால், ஏறக்குறைய அவ்வளவு நேரம் கழித்து வரும்படி ஒரு நேரம் குறித்துத் தருவார்கள். அதுவரை நிழலில் உட்காரலாம், சாப்பிடலாம், பிள்ளையை அமைதியான இடத்துக்குக் கொண்டுபோகலாம். நேரம் வந்தபின் விரைவு வாசல் வழியாக உள்ளே போகலாம். ஒரு சமயத்தில் ஒரு விளையாட்டுக்கு மட்டுமே இப்படிக் குறித்துவைக்க முடியும். முன்பு இதற்கென்று நிற்கவேண்டியிருந்தது. இப்போது கைபேசியிலேயே முடிகிறது.

இதுவும் எல்லாருக்கும் திருப்தியாக இருக்கவில்லை. ஆட்டிசம் உள்ளவர்களின் குடும்பங்கள் 2014ல் வழக்குப் போட்டன. குறித்த நேரம்வரை வெளியே காத்திருப்பதும் காத்திருப்பதுதானே, எங்கள் பிள்ளைக்கு அதுவும் தாங்காதே என்பது அவர்கள் வாதம். வழக்குகளில் ஒன்று வருஷக்கணக்கில் இழுத்து, 2020ல் ஆர்லாண்டோ மத்திய நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. பிறகு கேட்போர் தொகை பெருகிவிட்டது என்று சொல்லி, 2024ல் விதியை இன்னும் இறுக்கினார்கள். ஆட்டிசம் அல்லது அதுபோன்ற வளர்ச்சிக் குறைபாட்டினால் நீண்ட நேரம் வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கே இனி 'டாஸ்'. பொய் சொன்னவர் என்று கண்டுபிடித்தால் அவரை இனி ஒருபோதும் உள்ளே விடமாட்டார்கள். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு வரிசைகளே நாற்காலி போகும்படி அகலமாக அமைக்கப்பட்டிருப்பதால், நாற்காலி ஒன்றே இதற்குக் காரணமாகாது. குடல் நோய் போன்றவை உள்ளவர்கள், நடுவில் வெளியே போய்த் தங்கள் குடும்பத்தார் நிற்கும் இடத்துக்கே திரும்பிவர அனுமதி பெறலாம். முன்பு 'டாஸ்' பெற்றுவந்த பலருக்கு இதில் மிகுந்த மனக்கசப்பு. 2025ல் கலிபோர்னியாவில் இதைக் குறித்து மறுபடியும் வழக்குத் தொடுக்கப்பட்டது.

வாடகைக்கு ஊனத்தை வாங்கினவர்கள் தங்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் செய்ததற்கான விலையை வேறு யாரோ ஒரு தாய் இன்றைக்கும் கட்டிக்கொண்டிருக்கிறாள். பிரசங்கபீடத்தில் நான் பாவத்தைப் பற்றிப் பேசும்போது இதைவிட நல்ல உதாரணம் கிடைத்ததில்லை.

அனுமதி பெறுவதற்கு மருத்துவச் சான்றிதழ் கேட்கவில்லை. பயணத்துக்கு முன்பே வீடியோ அழைப்பில் ஒரு பணியாளர் பேசினார். யாருக்காகக் கேட்கிறோமோ அவரும் கூட இருக்கவேண்டும் என்பது விதி. ஆகவே பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மகள் பேசினாள். அந்த அம்மையார் மரியாதையாகவே கேட்டார்: வரிசையில் நின்றால் என்ன ஆகும்? எவ்வளவு நேரம் தாங்குவான்? முன்பு எப்போதாவது நடந்திருக்கிறதா? மகள் சொல்லச் சொல்ல நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். விமான நிலையத்தில் தரையில் தலையை மோதிக்கொண்டது, கடையில் ஓடிப்போய்க் காவலர் பிடித்துவந்தது, எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. அனுமதி கிடைத்தது. திரையை மூடிவிட்டு அவள் அழுதாள். "வருஷம் பூரா அவன்கிட்ட, நீ நல்ல பிள்ளை, உன்னால முடியும்னு சொல்றேன் அப்பா. இன்னைக்கு அவன் முன்னாலயே, அவனால என்னென்ன முடியாதுன்னு பட்டியல் போட்டுக் கொடுத்துட்டேன்" என்றாள்.

நான் பதில் ஒன்றும் சொல்லவில்லை. நம் ஊர்த் தாய்மார் ஊனச் சான்றிதழுக்காக மருத்துவக் குழுவின்முன் நிற்கும்போது இதே வேதனையைத்தான் சுமக்கிறார்கள். நமது 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகை ஊனங்களே இருந்தன. ஆட்டிசம் அவற்றில் இல்லை. 2016ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் 21 வகைகள் சேர்க்கப்பட்டு ஆட்டிசமும் இடம்பெற்றது. அதற்குப் பிறகு எத்தனையோ பெற்றோருக்கு அந்த அடையாள அட்டைக்கான படிவத்தை நானே நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். நிரப்பின அந்தக் கை, அந்தத் தாயின் முகத்தை ஒருநாளும் நிமிர்ந்து பார்க்க நினைக்கவில்லை.

குறித்த நாளில் அதிகாலையிலேயே புறப்பட்டோம். வண்டியை நிறுத்திவிட்டு ஒற்றைத் தண்டவாள ரயிலில் பூங்கா வாசலுக்குப் போகவேண்டும். பேரனுக்கு ரயில் என்றால் உயிர். காதுமூடியை மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தான். அந்த அனுமதியில் நாலு பேர்வரை சேரலாம் என்பது பொது விதி. மகள், மருமகன், பிள்ளைகள் இருவர் என்று நாலு ஆகிவிட்டது. நெருங்கிய குடும்பம் பெரிதாயிருந்தால் கூடுதலாகவும் கேட்கலாமாம். நான் வேண்டாம் என்றேன். எனக்கு இந்த ராட்டினங்களில் ஆசையில்லை. பையையும் தண்ணீர்ப் புட்டியையும் வைத்துக்கொண்டு பெஞ்சில் இருக்கிறேன் என்றேன். உண்மையைச் சொன்னால் மனதில் ஒரு கூச்சமும் இருந்தது. மற்றவர்கள் நிற்கும்போது நம் வீட்டார் வேறு வாசலில் போவது ஊழியக்காரனுக்கு அழகா என்ற கூச்சம்.

முதலில் பீட்டர் பான் விளையாட்டுக்கு நேரம் குறித்தார்கள். ஐம்பது நிமிஷம் கழித்து வரச் சொல்லிற்று கைபேசி. பூங்காவைச் சுற்றி ஒரு நிஜமான நீராவி ரயில் ஓடுகிறது. அதன் நிலையத்துக்கு அருகே ஒரு சுவரோரம் பேரன் உட்கார்ந்துகொண்டான். ரயில் வரும், பெட்டிகளை எண்ணுவான், போகும். அடுத்த ரயிலுக்குக் காத்திருப்பான். காத்திருக்கத் தெரியாத பிள்ளை! 'இன்னும் இரண்டு ரயில் வந்தபின் பீட்டர் பான்' என்று அவன் அப்பா சொன்னார். அது அவனுக்குப் புரிந்தது. நிமிஷம் என்பதை அவனால் பிடித்துக்கொள்ள முடியாது. ரயிலைப் பிடித்துக்கொள்ள முடியும்.

பதினொரு மணி சுமாருக்கு 'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்' என்கிற படகுச் சவாரிக்கு நேரம் குறித்தார்கள். 1964ல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் யுனிசெஃப் ஸ்தாபனத்துக்காக முதலில் அமைக்கப்பட்டது இது. பல தேசத்துப் பிள்ளைகளாக அலங்கரித்த பொம்மைகள் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருக்கும். சக்கர நாற்காலியோடேயே ஏறக்கூடிய படகும் இதில் உண்டு. சத்தமில்லாத சவாரி என்று மகள் சொன்னதால், நானும் வருகிறேன், ஆனால் பொது வரிசையிலேயே வருகிறேன் என்று சொல்லி அப்போதே போய் நின்றுகொண்டேன்.

நின்றபோதுதான் வரிசை என்பது என்ன என்று கண்டேன். கம்பிகளுக்கு நடுவே இப்படியும் அப்படியுமாகத் திரும்பித் திரும்பிப் போகிறது. முன்னால் இருப்பவரின் முதுகு, பின்னால் இருப்பவரின் மூச்சு. வெளியே வர வழியில்லை. வரவேண்டுமானால் ஐம்பது பேரை விலக்கவேண்டும். முடிந்துவிட்டது என்று நினைக்கிற இடத்தில் இன்னொரு திருப்பம் வருகிறது. என் வயதுக்கு முழங்கால் வலித்தது, அவ்வளவுதான். அவனை இதற்குள் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

ஏறக்குறைய நாற்பது நிமிஷம் ஆயிற்று. படகுத் துறை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், பக்கத்து வாசல் வழியாக என் மகள் குடும்பம் நடந்து வந்தது. எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் ஒருவர் தன் மனைவியிடம், "பார், நாம் இங்கே வேகிறோம், அவர்கள் நேராக நடந்து போகிறார்கள். அந்தப் பையனுக்கு என்ன குறை? நன்றாகத்தானே இருக்கிறான்" என்றார். ஆங்கிலத்தில் சொன்னார். இதே வார்த்தையை, தமிழில், எழுத்துப் பிசகாமல், அவர்கள் விடுமுறைக்கு வந்திருந்தபோது நம் நாட்டுப் பூங்கா ஒன்றின் வாசலிலும் கேட்டிருக்கிறேன். 'பாத்தா நல்லாத்தானே இருக்கான்.' கால் இல்லாதவனிடம் யாரும் இப்படிச் சொல்வதில்லை.

நான் திரும்பி, "அவன் என் பேரன், ஐயா. நான் வரிசையில் நின்ற நேரம் முழுவதும் அவர்களும் வெளியே காத்திருந்தார்கள். இப்போது பாருங்கள், அவர்களும் நானும் ஒரே சமயத்தில்தான் படகேறப் போகிறோம்" என்றேன். அப்படியே ஆயிற்று. அவர்கள் ஒரு படகில், அடுத்ததில் நானும் அந்தத் தம்பதியும். முன்படகில் பேத்தி திரும்பித் திரும்பிக் கையாட்டினாள். பெரியவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, பிறகு அவரும் கையாட்டினார்.

இன்னொரு காரியத்தையும் கவனித்தேன். அதே விரைவு வாசல் வழியாக வேறு பலரும் போனார்கள். அவர்கள் கூடுதல் பணம் கட்டினவர்கள். 1999 முதல் இலவசமாயிருந்த விரைவுச் சீட்டு 2021ல் கட்டணத்துக்கு மாறிவிட்டது. அவர்களைப் பார்த்து யாரும் முணுமுணுக்கவில்லை. பணம் கொடுத்து முந்துகிறவனை உலகம் பொறுத்துக்கொள்கிறது. பலவீனத்தினால் வேறு வழியில் வருகிறவனிடம் அத்தாட்சி கேட்கிறது.

பெதஸ்தா குளத்தைப் பற்றி (யோவான் 5) எத்தனையோ தடவை பிரசங்கித்திருக்கிறேன். சுகமாக விரும்புகிறாயா என்று ஆண்டவர் கேட்டதற்கு, ஆம் என்று சொல்லாமல் அந்த மனுஷன் சாக்குச் சொன்னான், அவனுக்கு விசுவாசம் போதாது என்பது என் வழக்கமான பிரசங்கம். இறையியல் கல்லூரியில் எழுதிவைத்த குறிப்பு, அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. இப்போது அந்த அதிகாரத்தை வாசித்தால் அவன் சொன்னது வேறுவிதமாகக் கேட்கிறது. அவன் வரிசையைப் பற்றிப் பேசுகிறான். முதலில் இறங்குகிறவனுக்கே சுகம் என்ற விதி, ஓடக்கூடிய நோயாளிக்குத்தான் உதவும். அவன் முப்பத்தெட்டு வருஷமாக வியாதிப்பட்டிருந்தவன். தன்னைத் தூக்கிவிட ஆளில்லை என்கிறான். இயேசு அவனைத் தூக்கிக் குளத்தில் விடவில்லை. மற்றவர்களைத் தள்ளிவிட்டு அவனை முன்னால் நிறுத்தவும் இல்லை. அவன் படுத்திருந்த இடத்துக்கே வந்தார்.

மத்தியானம் மூன்று மணிக்கு மேல், எங்கிருந்தோ வெடிபோல ஒரு சத்தம். காதுமூடி அந்நேரம் பையில் இருந்தது. பேரன் நடைபாதையில் விழுந்துவிட்டான். இதற்கு எந்த அட்டையும் உதவாது. மகள் அவன்மேல் கவிந்துகொண்டாள். மருமகன் கூட்டத்துக்குக் குறுக்கே கைகளை விரித்து நின்றுகொண்டார். பேத்தி யாரும் சொல்லாமலே பையைத் திறந்து, காதுமூடியை எடுத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து அவன் பாதங்களைப் பிடித்துக்கொண்டாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தெரியவேண்டாத காரியங்கள் எல்லாம் அவளுக்குத் தெரிகிறது. நான் கையில் தண்ணீர்ப் புட்டியோடு நின்றேன். ஜெபித்தேன் என்று எழுதினால் உங்களுக்குச் சந்தோஷமாயிருக்கும். உண்மையில், ஐயோ, இனி வீட்டுக்குப் போகவேண்டியதுதான், இந்தப் பெண்ணின் நாள் போயிற்றே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இருபது நிமிஷம் இருக்கும். அவன் எழுந்து உட்கார்ந்தான். "ரயில்" என்றான்.

மறுபடியும் நிலையத்துச் சுவரோரம் போனோம். அம்மாவும் பிள்ளையும் பெட்டிகளை எண்ணினார்கள். மருமகன் பேத்தியைக் கூட்டிக்கொண்டு மலைச்சரிவில் விழுந்தடித்து ஓடும் சுரங்க ரயில் விளையாட்டுக்குப் போனார். அது அவள் வெகுநாளாக ஆசைப்பட்டது. பேரன் ஏறாததால் அதற்குச் சலுகை கிடையாது. பொது வரிசையில் ஒரு மணி நேரத்துக்குமேல் நின்றார்கள். அந்த ஒரு மணி நேரமும் அப்பா தன்னோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தார் என்று திரும்பி வந்ததும் முதலில் அதைத்தான் சொன்னாள். சவாரியைப் பற்றிப் பிறகுதான் சொன்னாள். விளக்கேற்றின கோட்டையைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, வாணவேடிக்கை ஆரம்பிக்கும் முன்பாக வெளியே வந்தோம். ராத்திரி ஆகியிருந்தது.

ஊருக்குத் திரும்புமுன் இன்னும் இரண்டு இடங்களைப் பற்றி விசாரித்து அறிந்தேன். ஆர்லாண்டோவுக்கு அருகே கிஸ்ஸிம்மி என்ற ஊரில் 'கிவ் கிட்ஸ் த வேர்ல்ட்' என்ற கிராமம் இருக்கிறது. ஆபத்தான வியாதியுள்ள பிள்ளைகளும் அவர்கள் வீட்டார் முழுவதும் வந்து இலவசமாகத் தங்கி, பூங்காக்களைப் பார்த்துப் போகலாம். அதை 1986ல் ஆரம்பித்த ஹென்றி லேண்ட்வர்த் என்பவர் யூதர். சிறுவயதில் ஆஷ்விட்ஸ் முதலான நாஜி முகாம்களில் கிடந்து தப்பினவர். பிறகு ஓட்டல்கள் நடத்தினார். இரத்தப் புற்றுநோயுள்ள ஒரு சிறுமி பூங்காவைப் பார்க்க ஆசைப்பட்டு, ஏற்பாடுகள் முடியுமுன்னே இறந்துபோனாள். அவளுக்காக ஒதுக்கிவைத்த அறை காலியாகக் கிடந்ததைப் பார்த்தபிறகே அவர் இதைத் தொடங்கினார். அங்கே பிள்ளைகள் கேட்டால் காலை ஆகாரத்துக்கே ஐஸ்கிரீம் கொடுப்பார்கள். ஆஷ்விட்ஸில் பசித்திருந்தவர் போட்ட விதி அது.

மற்றது டெக்சாஸ் மாநிலத்தின் சான் அந்தோனியோ நகரிலுள்ள 'மார்கன்ஸ் வொண்டர்லேண்ட்'. கார்டன் ஹார்ட்மன் என்ற வீடு கட்டும் தொழிலதிபருக்கு ஒரு மகள், ஊனமுள்ளவள். விடுமுறையில் ஒரு நீச்சல் குளத்தில் மற்றப் பிள்ளைகளோடு விளையாடப் போனாள். அந்தப் பிள்ளைகள் குளத்தைவிட்டு எழுந்துபோய்விட்டார்கள். தகப்பன் தன் தொழிலை விற்றுவிட்டுத் தர்மகாரியத்தில் இறங்கினவர். 2010ல் அந்தப் பூங்காவைத் திறந்தார். அங்கே சக்கர நாற்காலியோடு ஏறும் ராட்டினமும் ஊஞ்சலும் உண்டு. 2017ல் நீர் விளையாட்டுப் பூங்காவும் சேர்ந்தது. தண்ணீரில் நனையலாம்படி, மின்கலத்துக்குப் பதிலாக அழுத்தப்பட்ட காற்றினால் ஓடும் நாற்காலிகளை வைத்திருக்கிறார்கள். ஊனமுள்ளவர்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. எல்லாருக்குமாகவே கட்டப்பட்டதால், அங்கே தனி அட்டைக்கு அதிகம் வேலையில்லை.

இனி நம் ஓ.பி. வராந்தா. நமது குழந்தைகள் பிரிவில் புதன்கிழமை காலை டோக்கன் கொடுக்க ஆரம்பிக்கும்போதே கூட்டம் நிறைந்துவிடும். மூளை வாதமுள்ள பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டும், ஆட்டிசம் உள்ள பிள்ளையைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டும் தாய்மார் பதினொரு மணிவரை நிற்பார்கள். இருமல், அழுகை, பெயர் கூப்பிடும் ஒலிபெருக்கி. பிள்ளை அலறும், மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், தாய் அதை அடிப்பாள். பார்க்கிறவர்களுக்காக அடிப்பாள். பல வருஷங்களுக்கு முன் ஆலயத்தில் இப்படி ஒரு பிள்ளை சத்தம் போட்டபோது, யாராவது வெளியே கொண்டுபோங்கள் என்று நானே பீடத்திலிருந்து சொல்லியிருக்கிறேன். அந்தத் தாய் கொண்டுபோனாள். பிறகு அவளை நான் ஆலயத்தில் கண்டதில்லை.

சூப்பரிண்டெண்டென்ட் அவர்களிடமும் நர்சிங் கண்காணிப்பாளரிடமும் பேசி, 2025 ஜூலை முதல் ஒரு சிறு ஏற்பாடு செய்திருக்கிறோம். இப்படிப்பட்ட பிள்ளையின் தாய் டோக்கனை வாங்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விடலாம். அவளுக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது வார்டு ஆயா போய்க் கூட்டிவருவார். டாக்டருக்குக் கூடுதல் வேலையில்லை. யாருடைய முறையும் தவறுவதில்லை. முதல் வாரமே சண்டை வந்தது. கால் வீங்கின ஒருவர், குழந்தையே கூட்டிவராமல், நானும் மரத்தடியில் இருக்கிறேன் என்றார். அவருக்கும் ஒரு நாற்காலி போட்டோம். மணிக்கு 130 டாலர் அவர் கேட்கவில்லை.

உங்கள் காணிக்கையில் ஒரு பகுதியைக் கொண்டு மரத்தைச் சுற்றி இடுப்பளவு வேலியும், இரண்டு ஊஞ்சலும், முதுகு சாயும் நாற்காலிகளும் போட்டிருக்கிறோம். மழைக்காலத்தில் அங்கே இருக்க முடியவில்லை. அடுத்த ஐப்பசிக்குள் ஒரு தகரக் கூரை போடவேண்டும். மனமுள்ளவர்கள் 'வேப்பமரத்தடி' என்று குறிப்பிட்டு அனுப்பலாம்.

பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் ஒரு தாய், இப்போது மூத்த பெண்ணையும் கூட்டிவருகிறாள். முன்பு அவளை வீட்டில் விட்டுவிட்டு வருவாளாம். போன புதன்கிழமை தம்பி மண்ணில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். அக்கா ஊஞ்சலில் இருந்தாள். ஆயா வருகிறதைத் தூரத்தில் கண்டதும் என்னைப் பார்த்து, "தாத்தா, எங்க நம்பர் இன்னும் வரலேல்ல?" என்றாள்.

— மருத்துவமனைப் போதகர்